போபோடி லைனுக்கு அடியில் இருந்த சிவப்பு மண்

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து மனையில் அடித்தளத்துக்குத் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். சுற்றிலும் நீலத் தகரம் அடித்து மறைத்தாயிற்று. தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை சந்து இருக்கிறது. பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, அந்தச் சந்தில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறேன். காவலுக்கு இருக்கும் பிஹார்க்காரர் முதலில் என்னைச் சந்தேகப்பட்டார். பிறகு ஏதோ மூளை கலங்கிய ஆன்ட்டி என்று முடிவுகட்டி, பரிதாபப்பட்டு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். எனக்கு உட்கார வராது. ஓய்வு பெற்ற பிறகு உட்காரச் சொல்லாதவர்களே இல்லை. உட்கார்ந்தால் மனசு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது, அதற்குக் காலே நடந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் புனே ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள். கோயம்புத்தூரிலிருந்து வந்த காயத்ரி என்கிற பெண் பொங்கலுக்குத் தமிழ் மலர் ஒன்று போடுகிறாள். என் வேலையைப் பற்றி ஒரு வெற்றிக்கதை எழுதிக்கொடுக்கச் சொன்னாள். வெற்றிக்கதையாம். முப்பது வருடத்துக்கு மேல் நிலத்தைத் துளைத்துப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு கதை என்னிடம் கிடையாது. மருத்துவர் பிழைக்க வைத்த ஆள் எழுந்து நடமாடுவான், பார்க்கலாம். எங்கள் வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன கதை சொல்ல?

அவள் விடவில்லை. சரி, என் மனசைப் போட்டு அரிக்கிற ஒன்றை எழுதுகிறேன். என் தமிழ் அம்மா வேதாகமத்தை வைத்துக் கற்றுக்கொடுத்த தமிழ். பிழை இருந்தால் காயத்ரி திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தில் கைவைக்க வேண்டாம்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கட்கியில். அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சிவில் டிப்ளமோ முடித்ததும், கட்டடம் கட்டும் முன் நிலத்தை ஆராய்ந்து சொல்லும் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் சோதனைக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். மண்ணைச் சலிப்பது, உலர்த்துவது, எடைபோடுவது, ஈர மண்ணை உருட்டி நூல்போல ஆக்கி அது எப்போது விண்டுபோகிறது என்று பார்ப்பது. மாவு பிசையவா டிப்ளமோ படித்தாய் என்று அம்மா கேட்பாள். இரண்டு வருடத்தில் களத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் துளை போடும் இடத்தில் ஒரு பெண் ஒதுங்க மறைவு கிடையாது. மத்தியானம்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினேன். அதனால் எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. நான் ஆராய்ந்த கற்களில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புனே நிலம் மேலோட்டமாகப் பார்த்தால் சாது. மேலே கரிசல், அதற்குக் கீழே முரூம் என்று இங்கே சொல்லும் உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே கரும்பாறை. கரும்பாறை கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துவிடும், இனிக் கவலையில்லை என்று அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பாறை ஒரே வீச்சில் வந்ததில்லை. எரிமலைக் குழம்பு ஒருமுறை ஓடி ஆறியிருக்கிறது. அதன்மேல் மண் சேர்ந்திருக்கிறது. அந்த மண்மேல் மறுபடியும் குழம்பு ஓடி, மண்ணைச் சுட்டுச் சிவப்பாக்கி, அதன்மேலேயே உறைந்திருக்கிறது. அதனால் சில இடங்களில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சிவப்புப் படலம் கிடக்கும். காய்ந்திருக்கும்வரை அது செங்கல். தண்ணீர் பட்டால் சோப்பு.

இந்தப் படலத்தைக் கண்டுபிடிப்பதில்தான் தொல்லை. துளைபோடும் இயந்திரம் பாறையை உருளை உருளையாக வெட்டிக் குழாயில் மேலே கொண்டுவரும். அந்தத் துண்டுகளுக்குக் கோர் என்று பெயர். அவற்றை ஆழத்தின் வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்குவோம். கெட்டிப்பாறை சமர்த்தாக மேலே வரும். இந்தச் சிவப்பு மண்ணோ, துளைக்குள் விடும் தண்ணீரிலேயே கரைந்து ஓடிவிடும். பெட்டிக்கு வரவே வராது.

எங்கள் தலைவர் ஜோக்லேகர் சார். மராத்திக்காரர், ஒல்லி, எந்நேரமும் வெயிலில் கண்ணைச் சுருக்கியே பழகிய முகம். ஸ்கூட்டரில் வருவார். முன்பெட்டியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும், ஷூ லேஸில் கட்டிய பூதக்கண்ணாடி கழுத்தில் தொங்கும். யாருக்கும் வணக்கம் சொல்லமாட்டார். நேராகக் கோர் பெட்டிக்குப் போய்க் குந்தி, டம்ளரில் தண்ணீர் மொண்டு துண்டுகள்மேல் ஊற்றுவார். ஈரமான கல்லில்தான் வெடிப்பும் நிறமும் தெரியும். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து, அதன் அடிமுனையை அடுத்த துண்டின் மேல்முனையோடு பொருத்திப் பார்ப்பார். பொருந்தினால் வைத்துவிட்டு அடுத்தது. அவசரமே கிடையாது. களத்தில் நின்று எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லமாட்டார். தூங்கி எழுந்து சொல்கிறேன் என்பார். பெரிய பெரிய கம்பெனி முதலாளிகள் பக்கத்தில் நின்று நெளிவார்கள், அவர் பாட்டுக்குக் கல்லைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்கு அது ஆகவே ஆகாது. எனக்கு எதுவும் உடனே தெரிந்தாக வேண்டும். அவரோடு இத்தனை வருடம் எப்படிக் குப்பை கொட்டினேன் என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலைக்கு உயரமான தண்ணீர்த்தொட்டி கட்ட இருந்தார்கள். துளைபோட்டவர் பாபன்ராவ், எங்களிடம் நெடுநாள் வேலை செய்தவர், கெட்டிக்காரர். பெட்டியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. ஒரு சந்து இல்லாமல் கரும்பாறைத் துண்டுகள் நெருக்கியடித்து அடுக்கியிருந்தன. ஜோக்லேகர் சார் தண்ணீர் ஊற்றினார், பொருத்தினார், நடுவில் ஓரிடத்தில் நின்றார். இரண்டு துண்டு முனைகளும் ஒட்டவில்லை. திருப்பிப் பார்த்தார், அப்போதும் ஒட்டவில்லை. பிறகு பாபன்ராவைப் பார்த்து மராத்தியில் மெதுவாகக் கேட்டார்.

“வந்ததை நான் படித்துக்கொள்கிறேன். வராதது எங்கே?”

பாபன்ராவ் மறைக்கவில்லை. ஒரு சாண் அளவுக்குக் கல் வரவில்லை, அந்தக் காலியிடத்தை மூடித் துண்டுகளை நெருக்கி வைத்துவிட்டேன் என்றார். பெட்டியில் காலியிடம் இருந்தால் கம்பெனி என்ஜினியர்கள் கத்துகிறார்களாம், கல்லைத் தொலைத்துவிட்டாய், தூங்கினாயா என்கிறார்களாம். எல்லாத் துளைக்காரர்களும் செய்கிற காரியம்தான் அது. பெட்டி லட்சணமாக இருக்க வேண்டும் என்கிற ஆசை. ஜோக்லேகர் சார் திட்டவில்லை. வராத நீளத்துக்குச் சரியாக ஒரு மரத்துண்டு அறுத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து, அந்த இடத்தில் வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அது சட்டம்.

இன்னொரு சட்டமும் அன்றைக்கே வந்தது, அதை என் தலையில் கட்டினார். கல் வராத இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீர். அதன் நிறம் மாறுகிற நிமிடத்தைப் பிடிக்க வேண்டும். சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு கணம் சிவந்து மறுபடி சாம்பலாகிவிடும். அதனால் துளை ஓடும்வரை நான் பக்கத்திலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன். வருடக்கணக்காகக் கலங்கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தொட்டியின் அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாகப் போடச் சொன்னார் சார். தொட்டி இன்றைக்கும் நிற்கிறது. ஆழப்படுத்தாமல் இருந்தால் சாய்ந்திருக்குமா? யாருக்குத் தெரியும்.

இனி போபோடி.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாதம். கட்கியை ஒட்டிய போபோடியில் கோபுரம்போல ஒரு குடியிருப்பு எழுப்புவதற்காக ஒரு பில்டர் தோண்டிக்கொண்டிருந்தார். கார் நிறுத்தப் பூமிக்கடியில் இரண்டு தளம். நில ஆய்வை வேறு யாரோ மலிவாகச் செய்து, கெட்டிப்பாறை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதை நம்பிப் பள்ளத்தின் பக்கச்சுவரைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே போனவர்கள், ஓரிடத்தில் பாறைக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு கசிவதைப் பார்த்திருக்கிறார்கள். பில்டரின் என்ஜினியர் உடனே எங்களைக் கூப்பிட்டார்.

பள்ளத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே கரும்பாறை, அதற்கு மேலே முரூம், அதற்கும் மேலே விளிம்பை ஒட்டி வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். ஒரு வீட்டுக் கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள் ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு அந்த வரிசையைத் தெரியும். அதற்கு லைன் என்றுதான் பெயர், அதில் ஒவ்வொரு வீட்டையும் மராத்தியில் சொல்வதுபோலக் கோலி என்பார்கள். அந்த வீட்டையும் தெரியும். அது ரோஸியின் வீடு.

ரோஸி என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். எங்களைப் போலவே குடியாத்தம் பக்கத்துக் குடும்பம். கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்து, புருஷன் போன பிறகும் அங்கேயே இருந்தாள். முன்னறையில் தையல் மிஷின். சீருடை, ரவிக்கை, சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன். துணி கொடுப்பவர்களெல்லாம் அக்கம்பக்கத்துச் சந்துக்காரர்கள். அந்த முன்னறைதான் அவள் பிழைப்பு. லைன் முழுக்க வாடகைக் குடித்தனம், தாத்தா காலத்து வாடகை. நிலத்தின் சொந்தக்காரர் இவர்களை எப்படிக் கிளப்புவது என்று வருடக்கணக்காக வழி தேடிக்கொண்டிருந்தார். பில்டரும் அவரும் வேறு வேறு ஆட்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜோக்லேகர் சாருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஸ்கூட்டரை மகள் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். ஆட்டோவில் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். சிவப்புப் படலத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் இறங்கவில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியைப் பெயர்த்து, தளத்து அலுவலகத்துக்கு எடுத்துவந்தார். ஒரு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கேட்டு, கட்டியை அதில் மெல்ல இறக்கிவிட்டு, டீ வந்ததும் குடிக்க ஆரம்பித்தார். பில்டரின் என்ஜினியர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் குமிழி வந்தது. பிறகு ஓரங்கள் செதில் செதிலாக உதிர்ந்தன. சார் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கட்டி என்று ஒன்று இல்லை, அடியில் சிவப்பாகச் சேறு உட்கார்ந்திருந்தது. களத்தில் வாயே திறக்காத மனிதர் அன்று அங்கேயே சொன்னார், அந்தப் பக்கம் இனி ஒரு கூடைகூட வெட்டாதீர்கள் என்று.

ஆனால் ஒன்று தெரியவேண்டியிருந்தது. அந்தப் படலம் எந்தப் பக்கம் சரிகிறது? பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்தால் பயமில்லை. பள்ளத்தை நோக்கிச் சரிந்தால், மழைத்தண்ணீரும் லைன்காரர்களின் மோரித் தண்ணீரும், அதுதான் குளிக்கிற துவைக்கிற தண்ணீரெல்லாம், இறங்கி அதை நனைத்துவிடும். மேலே இருக்கிற பாறை வீடுகளோடு வழுக்கிப் பள்ளத்தில் இறங்கும். தெரிந்துகொள்ள ஒரே வழி, லைனுக்கு முன்னால் ஒரு துளை போடுவது.

இயந்திரம் சந்துக்குள் நுழைந்ததுமே கூட்டம் கூடிவிட்டது. நிலச் சொந்தக்காரர் அனுப்பிய ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். பெண்கள் இயந்திரத்தின் முன்னால் வாளிகளை வரிசையாக வைத்து மறித்தார்கள். மராத்தியிலும் இந்தியிலும் விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ரோஸி வந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என்னைத் தனியாகத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போனாள்.

“இன்னாடி இது வம்பு, லஃப்டா? உண்மையைச் சொல்லு. எங்களைக் கிளப்பறதுக்கா வந்திருக்கே?”

“இல்ல. உங்க ஊட்டுக்கு அடியில இன்னா இருக்குதுன்னு பாக்க வந்திருக்கேன்.”

“பாத்துட்டு?”

“இருக்கறதைச் சொல்லுவோம்.”

“யாருகிட்ட? உன்னை அனுப்பின பில்டர்கிட்டயா?”

எங்கள் தொழிலில் அறிக்கை, கூலி கொடுத்தவருக்கு மட்டும்தான். வெளியே மூச்சுவிடக் கூடாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“உன்கிட்டயும் சொல்றேன்” என்றேன்.

ரோஸி வெளியே போய் எல்லோரிடமும் பேசினாள். என்னைக் காட்டி, ஸ்டெல்லா என் கூடப் படித்தவள், பொய் சொல்லமாட்டாள், துளை போடட்டும் என்றாள். வாளிகளை எடுத்தார்கள். ஒருத்தி எனக்கு டீகூடக் கொண்டுவந்து கொடுத்தாள்.

துளை ஓடியது. நான் திரும்பிவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு ஆழத்தில் வரட்டும், கர்த்தரே, ஆழத்தில் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பள்ளத்துச் சுவரில் கோடு இருந்த மட்டத்தைவிட ஆழமாக வந்தால் லைன் தப்பித்தது. ஆழமாக வரவில்லை. நான் எதிர்பார்த்ததற்கு வெகுமுன்பே சாம்பல் தண்ணீர் சிவந்தது. அதாவது லைனுக்கு அடியில் படலம் உயரத்தில் இருக்கிறது, பள்ளத்தை நோக்கிச் சரிகிறது. துளை போட்ட பாபன்ராவ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ஜோக்லேகர் சாரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, தண்ணீரின் நிறம். இன்னொன்று, ரோஸியிடம் நான் கொடுத்த வாக்கு. முதலாவதை எழுதிக்கொண்டார். இரண்டாவதைக் கேட்டதும் பேனாவை மூடினார். பிறகு, அறிக்கைதான் பில்டருக்குச் சொந்தம், அந்த வீட்டுக்காரர்களின் கழுத்து அவருக்குச் சொந்தமில்லை, நீ போய்ச் சொல்லு என்றார். அறிக்கையில் அவர் எழுதியது இது: மழைக்கு முன்னால் லைன் வீடுகளைத் தற்காலிகமாகக் காலி செய்ய வேண்டும். பள்ளத்துச் சுவரில் நீண்ட இரும்புக் கம்பிகளைப் படலத்தையும் தாண்டிப் பாறைக்குள் ஆழமாகச் செலுத்தி, சிமெண்ட் பால் ஊற்றி இறுக்க வேண்டும். அந்த வேலை முடிந்த பிறகு குடியிருக்கத் தடையில்லை. தற்காலிகமாக என்ற சொல்லுக்கு அவர் அடிக்கோடு போட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

நான் ரோஸி வீட்டுக்குச் சிவப்புக் கட்டி ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மேஜைமேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, கட்டியைப் போட்டேன். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கட்டி கரைந்து சேறாகி முடிந்தது.

“இது என் கோலிக்கு அடியில கீதா?”

“ஆமா.”

“எத்தனை நாளைக்குப் போவணும்?”

“மழை முடிஞ்சு, கம்பி போட்டு முடிக்கிற வரைக்கும். அப்புறம் திரும்பி வரலாம்னு ரிப்போர்ட்லயே எழுதியிருக்கு.”

அவள் தையல் மிஷினுக்கு உறை போட்டாள். முதல் ஆளாக அவள்தான் கிளம்பினாள். அவள் போவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கிளம்பினார்கள். பில்டர் தாபோடிப் பக்கம் அறைகள் பிடித்துக்கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஜூன் பிறந்தபோது லைன் காலி.

அந்த மழைக்காலத்தைப்போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. வீட்டில் ஒரு இடத்தில் இருக்க முடியாது. மழை வலுத்தால் குடையைத் தூக்கிக்கொண்டு போபோடிக்கு ஓடுவேன். விளிம்பில் தரையின் வெடிப்புகளுக்குக் குறுக்கே கண்ணாடிப் பட்டைகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தோம். நிலம் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பேன். சுவரில் சிவப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சுவர் அசையவில்லை.

ஆகஸ்டில் ஒரு பட்டை உடைந்திருந்தது. சாரைக் கூட்டிவந்தேன். மழையில் நனைந்துகொண்டே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மண் நகர்ந்து உடைந்ததா, வேலைக்காரர் யாராவது மிதித்து உடைந்ததா, அங்கே மேய்கிற ஆட்டின் குளம்பு பட்டதா, சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே இன்னொரு பட்டை ஒட்டு என்றார். ஒட்டினேன். அது உடையவே இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நாட்களில் விழட்டும், விழட்டும் என்று நான் வேண்டியிருக்கிறேன். ஆளில்லாத வீடுதானே, பள்ளத்தில் வேலையும் நின்றிருக்கிறது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. விழுந்து தொலைத்தால் எனக்கு உறக்கம் வரும். விழவில்லை. மழை ஓய்ந்தது, கம்பிகளை இறக்கினார்கள், ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதித்துப் பார்த்தோம். எல்லாம் உறுதி.

அதற்குள் மேலே வேறு காரியம் நடந்துவிட்டது. கம்பி வேலையின் கடைசி வாரத்தில், நிலச் சொந்தக்காரர் ஆட்களை விட்டு லைனின் கூரைத் தகரங்களைப் பிரித்தார். கேட்டதற்கு, இடிந்து விழும் என்று நிபுணர்களே எழுதிக்கொடுத்த இடம், நான் குடிவைத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார். அடுத்த வாரம் சுவர்கள் போயின. நான் போனபோது செங்கல் குவியல்தான் இருந்தது. ரோஸி வீட்டுச் சுவரில் அவள் பேத்திகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த பகுதி ஒரு துண்டாகக் கிடந்தது. ஆத்திரத்தில் அங்கே நின்ற கங்காணியைப் பிடித்து நான் கத்திய கத்தலில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அவர் பாவம், கூலிக்கு இடிக்க வந்தவர்.

குடித்தனக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஜோக்லேகர் சார் கம்பைப் பிடித்துக்கொண்டு சாட்சிக்கூண்டில் ஏறினார். கம்பி போட்ட பிறகு அந்த இடம் பத்திரமானது, அறிக்கையில் தற்காலிகமாக என்றுதான் எழுதினேன் என்று தெளிவாகச் சொன்னார். சொந்தக்காரரின் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்றைக்குக் காலி செய்யாமல் இருந்திருந்தால் வீடுகள் விழுந்திருக்குமா, ஆமா இல்லையா? விழுந்திருக்கலாம் என்றார் சார். லாம் எல்லாம் வேண்டாம், ஆமா இல்லையா என்றார் வக்கீல். தெரியாது என்றார் சார். வேறு எதைச் சொல்வார்? பொய்யா சொல்வார்? கூடத்தில் யாரோ சிரித்தார்கள். வழக்கு வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சார் போய்ச் சேர்ந்துவிட்டார். லைன்காரர்கள் ஆளுக்கொரு மூலையில்.

நாங்கள் செய்தது சரிதான். இதில் எனக்கு ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லை. நாளைக்கே அதே சிவப்புத் தண்ணீரை நான் பார்த்தால், அதே வார்த்தையைத்தான் சொல்வேன். அப்புறம் ஏன் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை?

போன வாரம் கட்கியில் கோயிலில் ஆராதனை முடிந்து வீடு திரும்ப, போபோடி மெட்ரோ நிலையத்தில் நின்றிருந்தேன். நடைமேடைப் பெஞ்சில் ரோஸி. இத்தனை வருடத்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டொரு முறை தூரத்தில் பார்த்து நான்தான் வேறு பக்கம் போயிருக்கிறேன். இந்த முறை அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாள்.

பிம்ப்ரியில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண்ணில் சதை வளர்ந்து இரண்டு தடவை அறுவை ஆகிவிட்டது. மிஷினை வைக்க அங்கே இடமில்லை, இருந்தாலும் அந்தப் பக்கம் யார் அவளைத் தெரிந்து துணி கொடுக்கப் போகிறார்கள் என்றாள். கோபமா என்று கேட்டேன். உன் மேல இன்னா கோபம், நீ பாத்ததைச் சொன்னே என்றாள். அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. நாலு வசவு வைதிருக்கலாம்.

நிலையத்தின் மேலிருந்து அந்தக் குடியிருப்பு தெரிகிறது. பில்டர் லைன் இருந்த நிலத்தையும் பின்னால் வாங்கிவிட்டார். இப்போது அது விருந்தினர்களின் கார் நிறுத்துமிடம். அவள் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

“எங்க கோலி இருந்த எடத்துல கார் நிக்குது, பாத்தியா? பெரிய பெரிய காரு. இத்தனை பாரிஷ், இத்தனை மழை போயிருச்சி. அது ஏன் ஸ்டெல்லா விழவேயில்ல?”

“கம்பி போட்டாங்க இல்ல. அது புடிச்சிருக்கு.”

அவள் கார்களிலிருந்து என் பக்கம் திரும்பினாள். கேலியாகவோ குத்தலாகவோ கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அப்போ எங்களையும் புடிச்சிருக்கும் இல்ல?”

“புடிச்சிருக்கும்” என்றேன்.